அக்கா வீட்டுக்கு நான் எழுதிக் கொடுத்த ஒன்பது குறைகள்

அக்கா வீடு வாங்கிய கதையை யாராவது கேட்டால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். "நல்ல வீடு, நல்ல விலை" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டு வேறு எதையாவது ஆரம்பிப்பேன். கேட்டவர்கள் அதோடு விடுவதில்லை. "உங்கள மாதிரி ஒரு தம்பி கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்" என்று என் தோளைத் தட்டுவார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாம் போல இருக்கும். அதனால் ஒரு தடவை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். இதில் என்னைப் பற்றிச் சொல்ல நல்லதாக ஒன்றும் இல்லை. அக்காவைப் பற்றித்தான் நிறைய இருக்கிறது.

அக்கா இந்த நாட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அத்தானோடு வந்தவள். வந்த நாலாம் வருஷம் என்னையும் வரவழைத்தாள். அதற்காக எத்தனை அலுவலகத்தில் எத்தனை படிவம் நிரப்பினாள், யார் யார் முன்னால் கைகட்டி நின்றாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை. விமானத்தை விட்டு இறங்கி வெளியே வந்தபோது கையில் ஒரு கம்பளிச் சட்டையோடு நின்றாள். "போட்டுக்கோ, வெளிய குளிரும்" என்றாள். அவ்வளவுதான் வரவேற்பு. அப்புறம் எனக்கு வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, பெண் பிறந்தாள். அத்தான் ஒருநாள் வேலைக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. "தனியா எதுக்குக் கிடக்கணும், எங்ககூட வந்துடு" என்று நான்தான் கூட்டி வந்தேன். எங்கள் வாடகை வீட்டின் மாடியறையைக் கொடுத்தோம். அதில் பத்து வருஷம் இருந்தாள்.

அவளுக்கு வேலை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். தரைக்குக் கீழே இருக்கிற தளம், ஜன்னல் கிடையாது. வார்டுகளிலிருந்து கம்பி வண்டிகளில் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக உதறிப் பிரிக்க வேண்டும். விரிப்புக்குள்ளிருந்து மூக்குக் கண்ணாடி விழும், கைக்கடிகாரம் விழும், சமயத்தில் பல்செட் விழும். மற்றவர்கள் அதையெல்லாம் ஒரு டப்பாவில் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அக்கா மட்டும் பல்செட்டைக் கழுவி ஒரு காகிதக் குவளையில் போட்டுக்கொண்டு, தன் சாப்பாட்டு நேரத்தில் வார்டு வார்டாகப் போய், எந்தக் கிழவர் பொக்கை வாயோடு படுத்திருக்கிறார் என்று பார்த்து வருவாள். "பாவம், அந்த மனுஷன் எப்படிச் சாப்பிடுவாரு?" என்பாள். துவைத்து வந்த விரிப்பை ஒரு பெரிய இஸ்திரி உருளைக்குள் இரண்டு பேர் முனை பிடித்துக் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கம் இரண்டு பேர் வாங்கி மடிக்க வேண்டும். எட்டு மணி நேரமும் சிமென்ட் தரையில் நின்றபடியேதான். உருளை நிற்காது என்பதால் யாரும் உட்கார முடியாது.

இப்படி நின்று நின்று அக்காவின் முட்டி இரண்டும் தேய்ந்துபோயிருந்தன. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இது வீட்டில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியாது. என் பெண்ணுக்குத் தெரியும். நான் இல்லாத நேரத்தில் அத்தை மாடிப்படியில் உட்கார்ந்து, ஒவ்வொரு படியாக நகர்ந்து நகர்ந்து இறங்குவதை அவள் பார்த்திருக்கிறாள். "உங்கப்பன்கிட்ட மூச்சு விடக்கூடாது" என்று அக்கா அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். தெரிந்தால் நான் என்ன சொல்வேன் என்று அக்காவுக்கு அத்துப்படி. "இந்தக் காலை வெச்சுக்கிட்டு உனக்குத் தனி வீடு ஒன்னுதான் குறைச்சல். பேசாம எங்ககூடவே இரு" என்பேன். பாசமாகத்தான் சொல்லியிருப்பேன். அந்தப் பாசம் அவளுக்குப் போதும் போதும் என்று ஆகியிருந்தது. படியே இல்லாத ஒரு வீட்டில், யாரையும் கூப்பிடாமல், தானே எழுந்து நடந்து போய் ஒரு வாய் காபி போட்டுக் குடிக்க வேண்டும். அவள் ஆசைப்பட்டது அதற்குத்தான்.

பத்து வருஷம் கூடவே இருந்தவளின் கால் எனக்குத் தெரியவில்லை என்றால் நம்ப மாட்டீர்கள். நான் ஒரு மளிகைக் கடைக்குக் காய்கறி கொள்முதல் செய்கிறவன். விடியும் முன்பே மொத்தச் சந்தையில் நிற்பேன், சாயங்காலமே படுத்துவிடுவேன். இது சாக்கு. உண்மை என்னவென்றால் எனக்குக் காய்கறியைப் பார்த்துப் பழக்கம், மனுஷரைப் பார்த்துப் பழக்கம் இல்லை. சந்தையில் என் வேலையே குறை சொல்வதுதான். வெண்டைக்காயை ஒடித்து முகம் சுளிப்பேன். வெங்காயத்தை மோந்து பார்த்துத் தலையை ஆட்டுவேன். பளபளவென்று இருக்கிற கத்தரிக்காயைக்கூட இரண்டு விரலால் தூக்கி, இதையும் விற்க வந்துவிட்டாயா என்பது போலப் பார்ப்பேன். விற்கிறவன் கத்துவான். நான் திரும்பி நடப்பேன். அவன் கூப்பிடுவான். இது இரண்டு பேருக்கும் தெரிந்த நாடகம், யாருக்கும் மனவருத்தம் கிடையாது. எங்கள் கடை முதலாளி எனக்கு 'நொட்டையார்' என்று பெயர் வைத்திருந்தார். எதற்கெடுத்தாலும் நொட்டை சொல்கிறவன். மரியாதைக்கு ஒரு 'ஆர்'. நம்மவர்களில் யார் பழைய கார் வாங்கினாலும், சோபா வாங்கினாலும், "நொட்டையாரக் கூட்டிட்டுப் போ, பாதி விலைக்கு முடிச்சிடுவாரு" என்பார்கள். எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா ஒரு பத்திரிகைத் துண்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். விரிப்பு மடிக்கிற கையாயிற்றே, அதையும் ஓரத்துக்கு ஓரம் சேர்த்து மடித்திருந்தாள்.

"ஒரு வீடு பாத்து வெச்சிருக்கேன்" என்றாள்.

"வீடா? யாருக்கு?"

"எனக்குத்தான்டா. வேற யாருக்கு?"

படத்தில் ஒரு சின்ன வீடு. மாடி இல்லை. வாசலில் படி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சரிவு. உள்ளே எடுத்த இன்னொரு படத்தில் ஒரு நீள நடை, அதன் இரண்டு பக்கச் சுவரிலும் இடுப்புயரத்துக்கு மரக் கைப்பிடி.

"இத்தனை நாளா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாத்தியா!"

"இப்ப சொல்றேன்ல? நீதான் வந்து பேசி முடிச்சுக் குடுக்கணும். எனக்கு அந்தப் பேச்செல்லாம் வராது."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவள் எதற்காக எங்களை விட்டுப் போகிறாள் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. எப்படிப் பேசி எவ்வளவு குறைப்பது என்பதிலேயே என் புத்தி போய்விட்டது.

அடுத்த வாரம் நான், அக்கா, என் பெண் மூன்று பேரும் போனோம். பெண்ணுக்குப் பதினைந்து வயது. இந்த நாட்டு மொழி எனக்குச் சந்தைக்குப் போதுமான அளவுதான் வரும். வேண்டாம், கூடாது, அழுகல், குறை. இதற்கு மேல் என்றால் பெண்தான் எனக்கு வாய். காரில் போகும்போதே அக்காவுக்குப் பாடம் எடுத்தேன்.

"இதோ பாரு, வீடு புடிச்சிருக்குன்னு மூஞ்சில காட்டிடாத. எதையும் தொடாத. எதையும் பாத்து ஆகா ஓகோன்னு சொல்லாத. வேப்பங்காயக் கடிச்ச மாதிரியே வரணும், புரிஞ்சுதா?"

"சரிடா."

"நான் எவ்வளவு கேவலமா பேசினாலும் குறுக்க பேசக் கூடாது."

"சரிடா, சரி. ஓட்டு."

வீட்டுக்காரர் எழுபது தாண்டியவர். பஸ் பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் வருகிறோம் என்று சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார். மேசையில் ஐந்து கோப்பைகளும் ஒரு கெட்டில் தேநீரும் எடுத்து வைத்திருந்தார். வீட்டுத் தரகர் ஒரு பெண். உயரமான செருப்பு போட்டுக்கொண்டு டக்டக்கென்று எங்களுக்கு முன்னால் நடந்தாள். கிழவர் எங்களுக்குப் பின்னால் வந்தார். தேநீரை நான் தொடவில்லை. குடித்துவிட்டால் குறை சொல்ல முடியாது, அது என் தொழில் ரகசியம். நான் குடிக்காததால் அக்காவும் குடிக்கவில்லை.

நடைக்குள் நுழைந்ததும் அக்காவின் கை தானாகப் போய் அந்த மரக் கைப்பிடியில் உட்கார்ந்தது. நான் திரும்பி ஒரு முறை முறைத்தேன். சுட்டது போலக் கையை எடுத்துக்கொண்டாள். அங்கிருந்து சமையலறை வரைக்கும் ஒரு துணையும் இல்லாமல் நடந்தாள். அது அவளுக்கு எவ்வளவு தூரம் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது.

நான் ஆரம்பித்தேன். கதவெல்லாம் எதற்கு இத்தனை அகலம், மாட்டு வண்டியா உள்ளே வரப்போகிறது? பாத்திரம் கழுவும் தொட்டி எதற்கு முழங்கால் உயரத்தில் இருக்கிறது, குள்ளர்கள் குடியிருந்த வீடா? விளக்கு சுவிட்சுகள் எல்லாம் ஏன் இடுப்புக்குக் கீழே? குளியலறைச் சுவரில் ஒரு மடக்கு நாற்காலி. படுக்கையறையிலிருந்து சமையலறைக்கு ஒரு கயிறும் அதன் முனையில் மணியும். இதைப் பார்த்த எந்த மனுஷனுக்கும் விஷயம் புரிந்திருக்கும். எனக்கும் புரிந்தது. சக்கர நாற்காலியில் இருந்த ஒருத்தருக்காகச் செய்த வீடு. புரிந்ததும் என் புத்திக்குத் தோன்றியது, விலையைக் குறைக்க இது போதும் என்பதுதான்.

"இது வீடு மாதிரியே இல்ல, ஆஸ்பத்திரி மாதிரி இருக்குன்னு சொல்லு" என்றேன் பெண்ணிடம்.

அவள் கிழவரிடம் ஏதோ சொன்னாள். அவர் தலையசைத்து லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே தெரிந்துவிட்டது, அவள் நான் சொன்னதைச் சொல்லவில்லை.

"என்ன சொன்ன?"

"நிறைய வசதி செஞ்சிருக்கீங்கன்னு சொன்னேன்."

"நான் சொன்னத அப்படியே சொல்லுடி. உன் அழகையெல்லாம் இதுல காட்டாத."

அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா தரையைப் பார்த்தாள். என் பெண் கிழவரின் முகத்தைப் பார்க்காமல், சட்டைப் பித்தானைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அவர் சிரிப்பு போய்விட்டது. பின்னால் கட்டியிருந்த கையை எடுத்துப் பக்கத்திலிருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நம்மவர்களிடம் ஒரு கேள்வி இருக்கிறதே, அதையும் கேட்டேன். "இந்த வீட்டுல யாராவது செத்துப் போயிருக்காங்களான்னு கேளு."

"அப்பா, வேணாம்ப்பா."

"கேளுன்னா கேளு."

கேட்டாள். கிழவர் படுக்கையறைக் கதவைக் கைகாட்டி இரண்டே வார்த்தை சொன்னார். என் பெண் அதை எனக்குச் சொன்னாள். "அந்த ரூம்லதானாம். அவரோட வைஃபாம். போன குளிர்காலத்துலயாம்."

எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. இதை மறைத்து எழுத முடியும். மறைக்க மாட்டேன். 'மாட்டினான்' என்று நினைத்தேன். ஆள் செத்த வீடு, மருந்து வாடை வேறு போகவில்லை, இதற்கு இந்த விலையா என்று சொல்லச் சொன்னேன். பெண் சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவளைக் கூப்பிட்டுக் காகிதம் எடுக்கச் சொன்னேன். தரகர் பெண், எதுவானாலும் எழுதிக் கொடுங்கள் என்று சொல்லியிருந்தாள். ஒன்று இரண்டு என்று ஒன்பது குறைகளைச் சொன்னேன். இதெல்லாவற்றையும் சரிசெய்து, விலையையும் குறைத்தால் வாங்கிக்கொள்கிறோம். முதல் குறை, நடையிலும் அறைகளிலும் உள்ள கைப்பிடிகளை எல்லாம் கழற்றிச் சுவரை மூடிப் பூசித் தர வேண்டும். எனக்கு ஒரு குறையும் சரியாக வேண்டியதில்லை. இது பேரத்தில் ஒரு முறை. எதிராளியால் முடியாததாகப் பார்த்துப் பத்துக் கேட்டால், அவன் அலுத்துப்போய் "அதெல்லாம் முடியாது, வேணும்னா விலைய இன்னும் கொஞ்சம் குறைச்சுக்கறேன்" என்று வழிக்கு வருவான். சந்தையில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

"அப்பா, இங்க எழுதிக் குடுத்தா அப்படியே செஞ்சிடுவாங்கப்பா" என்றாள் பெண்.

"வயசான மனுஷன், தனி ஆளு, அவ்வளவையும் அவர் எங்க செய்யப் போறாரு? நீ எழுது."

அக்கா அடுப்பருகே நின்றிருந்தாள். "டேய், அந்தக் கைப்பிடி இருந்துட்டுப் போகட்டுமேடா" என்றாள்.

"சும்மா இருக்கா. உனக்கு இதெல்லாம் புரியாது."

அக்கா சும்மா இருந்தாள். காரணம் சொல்ல வேண்டுமானால் காலைச் சொல்ல வேண்டும். மாடிக்குப் போகக் கிளம்பியவள், நான் அந்த இடத்தை விட்டுப் போகும் வரைக்கும் படியருகே எதையோ தேடுகிற மாதிரி நின்றுகொண்டிருந்தாள். என் பெண் எழுதினாள்.

பத்து நாளில் பதில் வந்தது. விலையை நான் கேட்ட அளவுக்கே குறைத்துக்கொள்கிறார். ஒன்பது குறைகளையும் ஒப்படைக்கும் நாளுக்குள் சரிசெய்து தருகிறார். சாப்பிடும்போது பெண்ணை விட்டு அந்தக் கடிதத்தை இரண்டு தடவை சத்தமாகப் படிக்க வைத்தேன். "பாத்தியாக்கா? விலைக்கு விலையும் ஆச்சு, வேலைக்கு வேலையும் ஆச்சு!"

"நல்லதுடா" என்றாள் அக்கா. பாதிச் சாப்பாட்டில் கை கழுவினாள். சந்தோஷத்தில் சாப்பிட முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். இப்படி நினைக்கவும் ஒரு மூளை வேண்டும்.

பெண் மட்டும் விடவில்லை. "அந்தத் தாத்தாகிட்ட கைப்பிடி மட்டும் எடுக்க வேணாம்னு சொல்லிடலாமாப்பா?"

"சும்மா செஞ்சு குடுக்கறத எவனாவது வேணாம்பானா? போய்ப் படி."

சாவி வாங்கிய நாள் காலையில் அக்கா வேலைக்கு லீவு போட்டிருந்தாள். அத்தான் படம் ஒன்று, ஒரு பால் பாத்திரம், ஒரு டப்பா காபித்தூள், இவ்வளவையும் ஒரு பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு காரில் வந்தாள். தரகர் பெண் வாசலில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள். கிழவர் அன்று விடிகாலை வரைக்கும் வேலை செய்துவிட்டு இப்போதுதான் போனார் என்று அவள் சொன்னதை, அக்காவின் பையை வாங்கி வைத்திருந்த என் பெண் எனக்குச் சொன்னாள்.

உள்ளே போனால் அது வேறு வீடு. நடை வெள்ளை வெளேரென்று இருந்தது. கைப்பிடி இருந்த சுவடே இல்லை. ஆணி அடித்த துளை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை, அப்படி ஒரு பூச்சு. பாத்திரத் தொட்டி உயர்ந்திருந்தது. சுவிட்சுகள் மேலே ஏறியிருந்தன. கதவுகளுக்குப் புது நிலை வைத்துக் குறுக்கியிருந்தார். கயிறும் மணியும் இல்லை. மருந்து வாடை போய்ப் புது பெயிண்ட் வாடை. எழுபது தாண்டிய ஒரு ஆள் தன் பெண்டாட்டிக்காக ஒவ்வொன்றாகச் செய்ததை, நான் நொட்டை சொன்னேன் என்பதற்காக, ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே கழற்றியிருக்கிறார். அப்போதும் எனக்கு அது உறைக்கவில்லை. வேலைப்பாட்டைத் தடவிப் பார்த்து மெச்சிக்கொண்டிருந்தேன்.

அக்கா வாசலிலேயே நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். இரண்டடி வைத்ததும் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. உள்ளங்கையைச் சுவரில் பதித்து நிமிர்ந்தாள். இன்னும் இரண்டடி, மறுபடி உள்ளங்கை. சமையலறை வாசலுக்குப் போவதற்குள் அந்த வெள்ளைச் சுவரில் ஐந்தாறு இடத்தில் கைத்தடம் விழுந்துவிட்டது.

"அக்கா, பெயிண்ட் இன்னும் காயல. சுவத்தப் புடிக்காதக்கா!" என்று கத்தினேன்.

என் பெண் கையிலிருந்த பையைத் தரையில் போட்டாள். "வேற எதைப்பா புடிப்பாங்க? எதைப் புடிப்பாங்க, சொல்லுங்க! அத்தையால நடக்க முடியாதுப்பா! அதுக்காகத்தான் இந்த வீடே! உங்களுக்கு எதுவுமே தெரியாது!"

"ஏய், சும்மா இரு" என்றாள் அக்கா. திரும்பி என்னைப் பார்த்து, கையிலிருந்த வெள்ளையை முந்தானையில் துடைத்துக்கொண்டே, "சின்னப் பொண்ணு, ஏதோ பேசறா. வீடு நல்லா சுத்தமா இருக்குடா" என்றாள்.

நான் கொல்லைப் பக்கம் போய்ச் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டேன். என் பெண் என்னைக் கூப்பிட வரவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, அதற்கப்புறம் ஒரு வாரம் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. வீட்டில் நடந்ததைக் கேட்டுவிட்டு என் மனைவி, "அண்ணிக்குக் கால் முடியலன்னு உங்களுக்குத் தெரியாதா? நிஜமாவா?" என்று கேட்டாள். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. அவள் நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள்.

தரகர் பெண்ணிடம் கிழவரின் முகவரியை வாங்கினேன். என் பெண்ணைத் துணைக்குக் கூப்பிட எனக்கு முகம் இல்லை. தனியாகவே போனேன். மூன்று மாடிக் கட்டிடத்தில் தரைத்தளத்து ஒற்றை அறை. கட்டில், ஒரு நாற்காலி, ஒரு அடுப்பு. கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. நான் வாயைத் திறக்கும் முன்பே அவசர அவசரமாக ஏதேதோ சொன்னார். எனக்குப் பாதிதான் புரிந்தது. சமையலறைப் பக்கப் பூச்சு காய நேரம் போதவில்லை, குளியலறைக் குழாய் சொட்டுகிறதா, எது சரியில்லை என்று சொல்லு, நாளைக்கே வந்து சரிசெய்கிறேன். சொல்லிக்கொண்டே குனிந்து கட்டிலுக்குக் கீழே இருந்த கருவிப் பெட்டியை இழுத்தார்.

இன்னொரு குறை சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

என்னை யாராவது செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு கூசியிருக்க மாட்டேன். இல்லை இல்லை என்று இரண்டு கையையும் ஆட்டினேன். மன்னித்துக்கொள் என்பதற்கு இந்த மொழியில் உள்ள வார்த்தை பதினெட்டு வருஷமாக எனக்குத் தேவைப்பட்டதில்லை. தெரிந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாக அவர் முன்னால் வைத்தேன். வீடு நல்லது. நீ நல்லது. நான் அழுகல். என் அக்கா கால் குறை.

கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் அவர் பெட்டியை விட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார்.  பிறகு மெதுவாக, எனக்குப் புரிய வேண்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அக்கா அன்று கைப்பிடியைப் பிடித்ததை அவர் பார்த்திருக்கிறார். அவளுக்காகத்தான் வாங்குகிறீர்கள் என்று நினைத்திருக்கிறார். விலை குறைத்ததும் அதனால்தான். குறைப் பட்டியல் வந்தபோது, இதை நிஜமாகவே எடுக்கத்தான் வேண்டுமா என்று தரகரிடம் இரண்டு தடவை கேட்டாராம். எழுதியிருக்கிறார்களே என்றாளாம் அவள்.

கைப்பிடிகளை அவர் தூக்கிப் போடவில்லை. பழைய போர்வையில் சுற்றி அலமாரிக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்தார். அவிழ்த்துக் காட்டினார். மனைவியின் கை பட்டுப் பட்டு மேல்பக்கம் மட்டும் வழவழவென்று இருந்தது. சனிக்கிழமை வந்து மாட்டித் தருகிறேன் என்றார். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன், கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. அவர் காது மடலில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். அவர் மனைவி சக்கர நாற்காலிக்குப் போகும் முன் நடந்துகொண்டிருந்த காலத்தில் வைத்த உயரம் இது, என் அக்கா வேறு உயரம், அவள் நிமிர்ந்து நின்றால் தரையிலிருந்து மணிக்கட்டு எவ்வளவு என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. என் இடுப்புக்கு மேலே கையைக் காட்டினேன், கீழே காட்டினேன், நிறுத்திவிட்டேன். அவர் அளவு நாடாவை என் கையில் கொடுத்து அனுப்பினார்.

நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். நாற்காலியை முன்னால் தள்ளித் தள்ளி, அதைப் பிடித்துக்கொண்டே வந்து கதவைத் திறந்தாள். நாடாவைப் பார்த்ததும் சிரித்தாள்.

"என்னடா, பத்தாவது நொட்டையா?"

"நிமிந்து நில்லுக்கா. கையத் தொங்கப் போடு."

"எதுக்கு?"

"சொல்றேன். நில்லு."

நாற்காலியை விட்டுவிட்டு நின்றாள். நான் தரையில் மண்டியிட்டு நாடாவின் முனையை அவள் குதிகாலருகே வைத்தேன். புடவை கொஞ்சம் தூக்கியிருந்தது. இரண்டு காலும் கணுக்காலிலிருந்தே வீங்கிக் கிடந்தன. முட்டி புடவைக்குள்ளேயே நடுங்குவது தெரிந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தது அன்றைக்குத்தான். எண்ணைப் படிக்கப் பார்த்தேன், கண்ணை மறைத்தது. துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அக்கா என் தலையில் கையை ஊன்றிக்கொண்டாள். "சீக்கிரம் அளடா. என்னால நிக்க முடியல" என்றாள்.

முடியல என்று அவள் என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் அளவைப் படித்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.